பதினெட்டுப் பேருக்கும் ரெண்டு

“…அட, அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா, தூங்கி எழுந்தா லேசா இருக்கும், நடந்தா சரியாப் பூடும். ரெண்டு. ரெண்டுன்னே போட்டுக்கோங்க. டைம் ஆச்சு, வெச்சிடட்டா?”

வைத்தேவிட்டாள். காலை ஆறு மணி பத்து நிமிடம். மடியில் இருந்த தாளில் கேப்டனுக்கு எதிரே 2 என்று எழுதினேன். அதற்கு மேலே இருந்த கட்டங்களிலும் 2. கீழே இன்னும் காலியாக இருந்த கட்டங்களுக்கும் 2 தான் வரப்போகிறது என்று போன் போடாமலே எனக்குத் தெரியும். பதினைந்து நாளாக அப்படித்தான் வந்துகொண்டிருந்தது.

நான் யார், இந்த ரெண்டு எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். பெங்களூரில் விளையாட்டு மருத்துவ ஆராய்ச்சி செய்கிற ஓர் இடத்தில் எனக்கு வேலை. ஆஸ்டின் டவுன் பக்கம் ஆடுகிற ஒரு பெண்கள் கால்பந்து அணிக்குத் தினமும் காலையில் போன் செய்து மூன்று கேள்வி கேட்க வேண்டும். ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்கினாய், உடம்பு எவ்வளவு அசதியாக இருக்கிறது, காலில் எவ்வளவு வலி. வலிக்கு மட்டும் பூஜ்யத்திலிருந்து பத்து வரை நம்பர் சொல்ல வேண்டும். பூஜ்யம் என்றால் வலியே இல்லை, பத்து என்றால் தாங்க முடியவில்லை. எந்தச் சின்ன வலி பின்னால் பெரிய காயமாகிறது என்று முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியுமா என்பதுதான் ஆராய்ச்சி. தாளில் என் பதவிக்கு நீளமாக ஏதோ ஒரு பெயர் இருக்கிறது. அணியில் எனக்கு வைத்த பெயர் நம்பர் அக்கா.

படித்து வந்த வேலை இல்லை இது. பல வருடம் ஒரு பிசியோதெரபி கிளினிக்கில் பெஞ்சு துடைத்து, துண்டு மடித்து, ஐஸ் பை கட்டிக்கொண்டிருந்தேன். சுவரில் ஓர் எலும்புக்கூடு படம் தொங்கும். வாரத்துக்கு இரண்டு முறை அதைத் தூசி தட்டுவேன். தலையிலிருந்து கால்விரல் வரை ஒவ்வொரு எலும்பாகத் துடைத்துத் துடைத்தே பெயர் எல்லாம் மனப்பாடம் ஆகிவிட்டது. தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது என்று யார் எந்தப் பாஷையில் “அய்யோ” என்றாலும் எனக்குப் புரியும். ஆராய்ச்சி தொடங்கியபோது, அந்தக் கிளினிக்குக்கு வந்துகொண்டிருந்த டாக்டரம்மா, “நம்பர் கேக்கறதுக்கு உங்களவிட வேற ஆள் வேண்டாம்க்கா, நீங்க வாங்க” என்று கூட்டிக்கொண்டு போய்விட்டார். திருச்சியிலிருந்து வேலைக்கு வந்த சின்ன வயதுப் பெண். எல்லோருக்கும் “ங்க” போட்டுத்தான் பேசுவார். சில சமயம் கம்ப்யூட்டருக்கும்.

முதல் வாரம் அந்த நம்பர்கள் என்ன அழகாக வந்தன தெரியுமா! வலியைக் கேட்டால் நம் ஜனம் நம்பரா சொல்லும்? கதைதான் சொல்லும். சந்தாபுராவிலிருந்து பஸ் ஏறி வருகிற ஃபார்வர்டு ஒருத்தி, “கணுக்கால்ல யாரோ ஆணி அடிச்சு காலண்டர் மாட்டிட்டாங்கக்கா” என்றாள். நம்பர் சொல்லம்மா என்றால், “எந்த மாசத்துக்கு?” என்று கேட்டாள். இன்னொருத்தி, “தொடைக்குள்ள ஈரத்துணிய முறுக்குற மாதிரி இருக்கு” என்றாள். நடு ஆட்டக்காரி ஒருத்தி ரொம்ப நேரம் யோசித்து, “வலிக்கலக்கா, கூப்பிடுது” என்றாள். கோலி, அதாவது கோல்கீப்பர், ஆனேக்கல்காரி, ஆள் வாட்டசாட்டம், முதல் நாளே என்னைக் கேட்டாள்: “இதுல பாஸ் மார்க் எவ்ளோக்கா?”

நான் நம்பரைத் தாளில் எழுதுவேன். அவர்கள் சொன்ன பேச்சை என் சொந்த நோட்டில் எழுதிக்கொள்வேன். டாக்டரம்மா ஒருநாள் அந்த நோட்டைப் புரட்டிவிட்டு, “இதெல்லாம் டேட்டாவுல சேராதுக்கா” என்றார். அப்புறம் இன்னொரு பக்கம் புரட்டினார். பிறகு இன்னொரு பக்கம். சாப்பாட்டு நேரம் முடிந்தும் தரவில்லை.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்ததைக் கெடுத்தது நான்தான்.

ஆராய்ச்சியில் சேரும்போது டாக்டரம்மா பெண்களுக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். நீங்கள் சொல்லும் நம்பர் எனக்கும் நம்பர் அக்காவுக்கும் மட்டும்தான், கோச்சுக்குப் போகாது. அதை நம்பித்தான் அவர்கள் மனசு திறந்து சொன்னார்கள். இரண்டாவது வாரம் ஒரு திங்கட்கிழமை, மைதானத்தில் கோச்சுக்கு டீ ஊற்றிக் கொடுத்துவிட்டு, காற்றில் பறக்கக் கூடாதே என்று தாளைப் பெஞ்சில் வைத்து அதன் மேலேயே பிளாஸ்கை வைத்தேன். தண்ணீர் பிடிக்கப் போனேன். திரும்பி வருவதற்குள் கோச்சு இரண்டாவது டம்ளர் ஊற்றப் பிளாஸ்கைத் தூக்கியிருக்கிறார். தாளைப் பார்த்திருக்கிறார். “கூப்பிடுது” என்று சொன்ன நடு ஆட்டக்காரிக்கு எதிரே அன்றைக்கு 7.

கோச்சு கெட்டவர் இல்லை. கன்னடக்காரர், நம் பெண்களோடு பேசிப் பேசித் தமிழும் கன்னடமும் ஒரே டம்ளரில் கலந்த மாதிரி பேசுவார். ஏழு என்றதும் அவருக்குப் பயம் வந்துவிட்டது. “நீ கூத்கோ” என்று அவளை அப்போதே உட்கார வைத்தார். சனிக்கிழமை மேட்ச்சிலும் இல்லை, அடுத்த மேட்ச்சிலும் இல்லை. அந்தப் பெண் பெஞ்சில் உட்கார்ந்து எதிரில் இருந்த வேலியைப் பார்த்துக்கொண்டிருந்ததை மற்ற பதினேழு பேரும் பார்த்தார்கள்.

அவளை உட்கார வைத்த மறுநாள் காலையிலிருந்தே பதினெட்டுப் பேருக்கும் ரெண்டு.

ஆணியும் இல்லை, காலண்டரும் இல்லை, ஈரத்துணியும் இல்லை. “ரெண்டுக்கா.” “ரெண்டு.” “நேத்து மாதிரியே.” கோலி மட்டும் ஒருநாள், “ரெண்டேகால் போடலாமா?” என்று கேட்டுவிட்டு, பக்கத்தில் யாரோ அதட்ட, “நக்கோ நக்கோ, வேணாம், ரெண்டு” என்றாள்.

டாக்டரம்மாவுக்கோ ஒரே சந்தோஷம். வலி குறைந்து சமமாகிவிட்டது, நாம் சொல்லிக்கொடுத்த வார்ம்-அப் வேலை செய்கிறது என்று கம்ப்யூட்டரில் கோடு போட்டுக் காட்டினார். கோடு சந்தாபுரா ரோடு மாதிரி மேடும் பள்ளமுமாக வந்து, திடீரென்று மேம்பாலம் ஏறின மாதிரி நேராக ஓடியது. “பாருங்கக்கா, எவ்வளவு அழகா இருக்கு!” எனக்கு நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் பிளாஸ்கையும் சொல்ல வேண்டும். “அழகாத்தான் இருக்கு மேடம்” என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன். இன்றைக்கும் நினைத்தால் காது சுடுகிறது.

கேப்டனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பின்வரிசையில் நடுவில் நிற்பவள். மெலிந்த உடம்பு, பெரிய குரல். பகலில் ஆஸ்டின் டவுனில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிற வேலை, ஒன்பது மணி நேரம் நின்றபடி. அவளுக்கு ஓர் அரசாங்க அலுவலகத்தின் விளையாட்டு ஒதுக்கீட்டில் அழைப்பு வந்திருந்தது. மைதானத்தில் தேர்வு, தேறினால் நிரந்தர வேலை. அடுத்த வருடம் அவளுக்கு வயது வரம்பு தாண்டிவிடும். “நாற்காலி போட்டுக் குடுக்குற வேலைக்கா அது” என்பாள், ஏதோ சிம்மாசனத்தைச் சொல்வதுபோல. அந்தத் தேர்வுக்கு இன்னும் இரண்டு வாரம்கூட இல்லை.

அவள் இடது காலைப் பார்த்துப் பார்த்து வைப்பது எனக்குத் தெரிந்திருந்தது. ஓடும்போது இல்லை, ஓட்டம் நின்ற பிறகு. நின்று பேசும்போது கொக்கு மாதிரி வலது காலில் நிற்பாள். கேட்டால், “ஸ்டைலுக்கா.”

மாதம் ஒருமுறை குதிக்கும் சோதனை. வெறுங்காலில் ஒற்றைக் காலால் பத்து முறை பாயில் குதிக்க வேண்டும், முதலில் எல்லோரும் வலது காலால், பிறகு எல்லோரும் இடது காலால். கால் எலும்பில் நுணுக்கமாக ஏதாவது தொடங்கியிருந்தால் அந்தக் குதியில் தெரிந்துவிடும். முகம் படத்தில் வரக் கூடாது என்பது விதி, அதனால் முழங்காலுக்குக் கீழே மட்டும் வீடியோ எடுக்க வேண்டும். எடுப்பவள் நான். அன்றைக்குப் பார்த்து வெயில் சுள்ளென்று அடித்தது, போனில் ஒன்றும் தெரியவில்லை. முக்காலியில் உட்கார்ந்து, பழைய ஸ்டூடியோக்காரர் மாதிரி தலைக்கும் போனுக்குமாகச் சேர்த்து ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டேன். துண்டுக்குள்ளிருந்து ஜெர்சி நம்பரைக் கூப்பிடுவேன். கால் வரும். குதிக்கும். போகும். அடுத்த கால் வரும். டாக்டரம்மா தள்ளி நிழலில் கோச்சோடு பேசிக்கொண்டிருந்தார்.

ஒரு பிரச்சினையும் இல்லை. இவ்வளவு ஒழுங்காக இவர்கள் எதற்குமே வரிசையில் நின்றதில்லை. வெளியே கொஞ்சம் சிரிப்புச் சத்தம் கேட்டது, அவ்வளவுதான். “சாக்கு, சாக்கு, போதும், இன்னொரு தடவ என்னால ஆகாது” என்று யாரோ கெஞ்சினதும் கேட்டது. வெயில் அல்லவா, பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் டாக்டரம்மாவின் மேஜையில் இருவரும் உட்கார்ந்து வீடியோக்களைப் பார்த்தோம். அவர் மறுபடியும் சந்தோஷமாகிவிட்டார்.

“இந்த நாலு பேரையும் பாருங்கக்கா. இடது கால் குதி, நாலு பேருக்கும் ஒரே தாளம், ஒரே உயரம். சேர்ந்து பயிற்சி பண்ணினா உடம்பும் ஒண்ணாயிடுது பாத்தீங்களா?”

பார்த்தேன். தாளம் ஒன்றுதான். உயரமும் ஒன்றுதான். கணுக்காலில் கட்டியிருந்த கறுப்புக் கயிறும் ஒன்றுதான். திருஷ்டிக்காக அணியில் பாதிப்பேர் இடது காலில் கறுப்புக் கயிறு கட்டியிருப்பார்கள், அதில் அதிசயம் இல்லை. ஆனால் அந்தக் கயிற்றில் ஒரு சின்னச் சோழி தொங்கியது. முகத்தில் பந்து அடித்து இரண்டு நாள் படுத்த பிறகு கோலிக்கு அவள் அம்மா ஆனேக்கல் கோயிலில் மந்திரித்துக் கட்டின கயிறு அது. சோழியோடு கட்டியவள் அவள் ஒருத்திதான்.

“மேடம், கொஞ்சம் நிறுத்துங்க.”

நிறுத்தினார். சோழி அந்தரத்தில் நின்றது. கோலியின் வீடியோவில் சோழி, அது சரி. கேப்டன் என்று பெயர் போட்ட வீடியோவிலும் சோழி. நடு ஆட்டக்காரியின் வீடியோவிலும் சோழி. சந்தாபுராக்காரியிடமும் சோழி. அந்த நான்காவது வீடியோவில் குதி தாழ்ந்து, சோழிக்கே மூச்சு வாங்கியது.

டாக்டரம்மாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரித்தார் பாருங்கள், மேஜையில் தலை வைத்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். ஒருத்தி மூன்று பேருக்குக் கால் கடன் கொடுத்திருக்கிறாள், நான் துண்டுக்குள்ளே உட்கார்ந்து பூஜை மாதிரி படம் பிடித்திருக்கிறேன்! பிறகு அவர் நிமிர்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அப்போ அந்த ரெண்டு?” என்று கேட்டார்.

சிரிப்பு போன இடம் தெரியவில்லை. பிளாஸ்கைச் சொன்னேன். தாளைச் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று இருந்தேன். திட்டவில்லை. கம்ப்யூட்டரில் இருந்த அந்த நேர்கோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “மூணு பேரு இடது காலக் காட்ட மாட்டேங்கறாங்க. அதுல ஒருத்திக்காவது நெஜமா இருக்கும்க்கா. முதல்ல அதைப் பாருங்க. ஆராய்ச்சி பேப்பர் அப்புறம்.”

மற்ற இருவரைக் கண்டுபிடிப்பது சுலபம். சந்தாபுராக்காரிக்குக் கால் நகம் பெயர்ந்திருந்தது, கோச்சு பார்த்தால் ஷூ போட விடமாட்டார் என்று பயம். நடு ஆட்டக்காரிக்குப் பழைய வலி முழுக்கச் சரியாகிவிட்டிருந்தது. “அப்புறம் ஏன்மா கோலி காலக் குடுத்தே?” என்றால், “ஒருவாட்டி பெஞ்சில உக்காந்தாச்சுக்கா, போதும்” என்றாள்.

கேப்டனைத் தேடி நான் சூப்பர் மார்க்கெட்டுக்கே போனேன். வேலை நேரத்தில் பேசக் கூடாது, சூப்பர்வைசர் பார்ப்பார். அதனால் கூடை எடுத்து வரிசையில் நின்றேன். பேச்சு நீளட்டும் என்று சின்னச் சின்னதாகப் பதினோரு சாமான் எடுத்துக்கொண்டேன்.

“என்னக்கா இங்க?” என்றாள், உப்புப் பாக்கெட்டை எடுத்துக்கொண்டே.

“சோழி பாத்தோம்.”

உப்பு ‘பீப்’ என்றது. அவள் முகம் மாறவில்லை. “எந்தச் சோழி?”

“நாலு பேரு காலுல இருந்த ஒரே சோழி.”

சோப்பு, பீப். தீப்பெட்டி, பீப். “அந்தக் கழுதைகிட்ட கயித்தக் கழட்டுடின்னு சொன்னேன்க்கா. அம்மா திட்டும்னுட்டா.”

“எதுக்கும்மா எல்லாரும் ரெண்டு சொன்னீங்க? பூஜ்யம் சொல்லியிருக்கலாமே.”

“பூஜ்யம் சொன்னா டாக்டரம்மா நம்புவாங்களா? ஃபுட்பால் ஆடுறவளுக்கு வலியே இல்லன்னா பொய்னு தெரிஞ்சிடும். மூணு சொன்னா ‘எங்க வலிக்குது’ன்னு கேப்பாங்க. ரெண்டுதான்க்கா மரியாதையான நம்பரு. யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க.” ஜீரகம், பீப். “பை வேணுமா?”

“பை இருக்கு. கால் எப்படி இருக்கு?”

எனக்குப் பின்னால் வெங்காயமும் துடைப்பமுமாக நின்ற ஓர் அம்மா, “அந்தப் பொண்ணு கால்ல இன்னா?” என்று எட்டிப் பார்த்தார். அவருக்குப் பின்னால் ஒரு பெரியவர், “ஜல்தி கரோ அம்மா” என்று உருதுவில் முனகினார்.

“ஒண்ணுமில்ல ஆன்ட்டி, லேசா வலி.”

“வேப்பெண்ணெய சூடு பண்ணித் தடவு.”

“சரி ஆன்ட்டி.” கேப்டன் என் பக்கம் குனிந்து, சில்லறை தேடுகிற மாதிரி டிராயரைத் திறந்துகொண்டு, குரலைத் தாழ்த்தினாள். “நான் படுத்துத் தூங்கிடறேன்க்கா. இந்த எலும்பு மட்டும் தனியா முழிச்சிட்டிருக்கு.”

மனிதர் சொல்லும் பேச்சுக்கெல்லாம் நோட்டுப் போட்டு வைத்திருப்பவள் நான். இதை எழுதிக்கொள்ள வேண்டும் என்று தோன்றவே இல்லை. “நாளைக்கு உனக்கு அரை நாள்தானே? டாக்டரம்மா ஸ்கேன் எடுக்கச் சொல்றாங்க. கோச்சுக்குச் சொல்ல மாட்டாங்க. உன் அனுமதி இல்லாம ஒரு வார்த்தை போகாது.”

“போன தடவையும் இதத்தான் சொன்னீங்க.”

“போன தடவ தப்பு பண்ணது டாக்டரம்மா இல்ல. நான்.” பிளாஸ்கை அவளிடமும் சொன்னேன். வெங்காய அம்மா முழுக்கக் கேட்டார்.

கேப்டன் பில்லைக் கிழித்துக் கையில் கொடுத்தாள். “டீ குடுத்ததுக்கா இவ்ளோ?” என்றாள். சிரித்தாளா முறைத்தாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் மறுநாள் வந்தாள்.

ஸ்கேன் பார்த்துவிட்டு டாக்டரம்மா அவளை எதிரில் உட்கார வைத்தார். “எலும்பு உடையலைங்க. ஆனா உடையலாமான்னு யோசிச்சிட்டிருக்கு. எட்டு வாரம் ஓடாம இருந்தா தானா மனசு மாத்திக்கும். இப்ப ஓடினீங்கன்னா, தேர்வு நடக்கற அன்னிக்கே அங்கேயே உடைஞ்சாலும் உடையும்.”

“புதன்கிழமை தேர்வு மேடம்.”

“தெரியும்ங்க.”

கேப்டன் அழவில்லை. அங்கேயும் சுவரில் தொங்கிய ஓர் எலும்புக்கூடு படத்தையே பார்த்தாள். “இதுல அது எங்க இருக்கு?” என்று கேட்டாள். நான் எழுந்து தொட்டுக் காட்டினேன். “இத்துனூண்டா?” என்றாள்.

அவளுக்கு வந்த அழைப்புக் கடிதத்தை வாங்கி நான் முழுக்கப் படித்தேன். பொடி எழுத்தைப் படிக்காமல் விடுவது எனக்குப் பழக்கமில்லை. கடைசிப் பக்கத்தின் அடியில் இருந்தது: காயம்பட்டவர்களுக்கு இரண்டு மாதம் கழித்து ஒரு தேதியில் மறுதேர்வு வைக்கலாம். தேர்வு நாளுக்கு முன்பே மருத்துவரும் பயிற்சியாளரும் கையெழுத்திட்டு விண்ணப்பிக்க வேண்டும். வைக்கலாம் என்றுதான் இருந்தது, வைக்கப்படும் என்று இல்லை. ஆனாலும் அது ஒரு வாசல். மறுதேர்வு நடந்தால் அதற்குள் எட்டு வாரம் ஓடிவிடும் என்று டாக்டரம்மா விரல்விட்டு எண்ணினார்.

“பயிற்சியாளரும்,” என்று கேப்டன் மறுபடி படித்தாள். “அப்போ கோச்சுக்குத் தெரியணும்.”

“ஆமாங்க.”

“தெரிஞ்சா டீம்லேர்ந்தே தூக்கிடுவாரு. ரெண்டு மாசம் கழிச்சுப் போனா ‘யாரும்மா நீ’ம்பாரு. அந்த ஆபீஸ்லயும் ‘யாரும்மா நீ’ம்பாங்க. நான் எங்கக்கா போறது?”

டாக்டரம்மா கடிதத்தை எழுதித் தன் கையெழுத்தைப் போட்டு அவளிடமே கொடுத்தார். “கோச்சுகிட்ட நான் சொல்ல மாட்டேன். நீங்க குடுத்தா குடுங்க. இல்லன்னா கிழிச்சுப் போடுங்க. ஆனா புதன்கிழமை ஓடாதீங்க.”

“ஓடாம எப்படி மேடம்?” என்று கேட்டுவிட்டு, கடிதத்தை நான்காக மடித்துக்கொண்டு போனாள். ஓடப்போகிறாள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

சனிக்கிழமை காலை டாக்டரம்மாவும் நானும் மைதானத்துக்குப் போனோம். டாக்டரம்மா எல்லோரையும் கூப்பிட்டு, “நான் குடுத்த வாக்கு உடைஞ்சுபோச்சு. அதுக்கு மன்னிச்சிடுங்க” என்றார். பிறகு நான். பதினெட்டுப் பேரும் வரிசையாக நிற்க, இந்த வயதில் நான் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கையைக் கட்டிக்கொண்டு, “தாள அங்க விட்டது நான்தான்மா” என்றேன். கோச்சு, “நானும் பார்த்திருக்கக் கூடாது, தப்பாயித்து” என்று தரையைப் பார்த்துச் சொன்னார். “இனிமே நம்பர் சொல்லுங்க, நான் பாக்கமாட்டேன், ப்ராமிஸ்.”

வேலியில் காக்கை உட்கார்ந்து எங்களைப் பார்த்தது.

கோலிதான் தொடங்கினாள். “சாருக்கும் கேளுங்க மேடம்.”

“என்ன கேக்கணும்?”

“நம்பரு. முட்டிக்கு.”

எல்லோருக்கும் தெரியும். கோச்சு அந்தக் காலத்தில் ஆடிக் கெடுத்துக்கொண்ட வலது முட்டி. மைதானத்துக்கு இறங்க இரண்டே படி. அதைப் பக்கவாட்டில்தான் இறங்குவார். டாக்டரம்மா சிரிக்காமல் என் கையிலிருந்த தாளை வாங்கினார். “சொல்லுங்க சார். பூஜ்யத்துலேர்ந்து பத்துக்குள்ள.”

கோச்சு மார்பை நிமிர்த்தினார். “எரடு.” கன்னடத்திலும் அதே ரெண்டு.

பதினெட்டுப் பேரும் வெடித்துச் சிரித்தார்கள். நடு ஆட்டக்காரி புல்லில் உருண்டாள். “சார், நீங்க படி எறங்குறது நண்டு மாதிரி இருக்கும் சார்!” என்று கோலி கத்தினாள். “சும்மனே இரு நீ” என்று கோச்சு அவளை அதட்டினார், ஆனால் அவருக்கே உதடு துடித்தது. சிரிக்காத ஒரே ஆள் கேப்டன். வலது காலில் நின்றுகொண்டிருந்தாள்.

“பொய் சார்” என்றாள். “உங்களுக்கு ஏழு இருக்கும்.”

சிரிப்பு அடங்கியது.

“எனக்கும் ஏழு.”

கோச்சு அவள் முகத்தைப் பார்த்தார், பிறகு காலைப் பார்த்தார். “எப்பலேர்ந்து?”

“மூணு வாரம் சார்.”

“நன்கே யாக்கே ஹேளில்ல?”

“சொன்னா உக்கார வெச்சிடுவீங்க.”

“இப்ப மட்டும் வெக்கமாட்டேன்னு நெனச்சியா?” குரல் உயர்ந்தது. அவள் ஜெர்சிக்குள்ளிருந்து மடித்த கடிதத்தை எடுத்து நீட்டினாள். வியர்வையில் ஓரம் நனைந்திருந்தது. கோச்சுக்குக் கண்ணாடி இல்லாமல் படிக்க வராது. கையை நீட்டித் தள்ளிப் பிடித்து, உதட்டை அசைத்து, கடைசி வரி வரை படித்தார்.

“பென்னு கொடி.”

கொடுத்தேன். எழுத மேஜை இல்லை. கோலியைத் தோளைப் பிடித்துத் திருப்பிக் குனிய வைத்து, அவள் முதுகில் கடிதத்தை வைத்து, “ஆடாதே” என்று சொல்லி அழுத்திக் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, அதற்குக் கீழே தானாகவே ஒரு வரி எழுதினார்: இவள் என் கேப்டன், எட்டு வாரத்தில் திரும்ப வருவாள். கோலி முதுகில் முற்றுப்புள்ளி குத்தியதில் “அய்யோ, பத்து!” என்றாள்.

“ரெண்டு மாசம்” என்று கோச்சு கேப்டனிடம் விரலை ஆட்டினார். “ஃபுட்பால தொட்டே, அந்தக் கால நானே ஒடச்சு ஹாக்குவேன். போ. இன்னைக்கே குடு. சனிக்கிழமை, ஒரு மணிக்கு ஆபீஸ் மூடிடுவான்.”

அவர்கள் மறுதேர்வு வைப்பார்களா என்று அப்போது எங்கள் யாருக்கும் தெரியாது. டாக்டரம்மா ஆட்டோ பிடிக்க வாசலுக்குப் போனார். கோலி நிமிர்ந்து, இடுப்பைத் தடவிக்கொண்டே, கேப்டன் பக்கம் தோளைக் காட்டி, “ஏறிக்கடி, நான் தூக்கினு போறேன்” என்றாள்.

கேப்டன் அவளைத் தள்ளிவிட்டாள். கடிதத்தை வாங்கிக்கொண்டு, புல்லில் உட்கார்ந்து, இரண்டு ஷூவையும் கழற்றி ஒரு கையில் பிடித்துக்கொண்டாள். எழுந்து, மூன்று வாரத்தில் முதல் முறையாக, யாருக்கும் ஒளிக்காமல், தாராளமாக நொண்டிக்கொண்டே மைதானத்தைக் குறுக்காகக் கடந்து ஆட்டோவைப் பார்த்து நடந்தாள்.